5 நாளில் 160 கி.மீ: பல நாள் மலை ஓட்டப் பந்தயம் எப்படிப் பிறந்தது? திருப்பதி மலைகளில் நடத்த முடியுமா?

புரட்டாசி மாதத்தில் சென்னையிலிருந்து திருப்பதிக்கு நடந்து போகும் கூட்டத்தை நீங்கள் சாலையில் பார்த்திருப்பீர்கள். அந்தக் கூட்டத்தில் ஒருவராகவே கூட இருந்திருக்கலாம். மஞ்சள் வேட்டி, தோளில் ஒரு துண்டு, பின்னால் மெதுவாக ஊர்ந்து வரும் சமையல் வண்டி. பகலில் நடை, ராத்திரி ஏதாவது ஒரு மண்டபத்திலோ பள்ளிக்கூடத்திலோ படுக்கை. பிரம்மோற்சவத்துக்காகச் சென்னையில் இருந்து கிளம்பும் திருக்குடைகளும் இப்படித்தான், நாளுக்கு ஓர் ஊர் என்று தங்கித் தங்கி திருவள்ளூர் வழியாகத் திருமலை போய்ச் சேர்கின்றன.

அந்தப் பயணத்தில் ஒரு ஸ்டாப்வாட்சைச் சேர்த்து, தார்ச்சாலைக்குப் பதில் மலைப்பாதையைப் போட்டால் கிடைப்பதுதான் பல நாள் மலை ஓட்டப் பந்தயம். இந்தியாவில் இப்படியொரு பந்தயம் 1991 முதல் இருக்கிறது. டார்ஜிலிங் பக்கத்தில் நடக்கும் 'ஹிமாலயன் 100 மைல் ஸ்டேஜ் ரேஸ்' அது.

அது எங்கிருந்து வந்தது, எப்படி நடக்கிறது, சேஷாசலம் மலைத்தொடரைப் பக்கத்திலேயே வைத்திருக்கும் நம்மால் அதுபோல ஒன்றை நடத்த முடியுமா என்பதைப் பார்ப்போம்.

ஸ்டேஜ் ரேஸ் அப்படின்னா என்ன?

மலையில் நீண்ட தூரம் ஓடும் பந்தயங்கள் இரண்டு வகை. ஒன்று, துப்பாக்கி வெடித்ததிலிருந்து கடைசிக் கோடு வரை கடிகாரம் நிற்காது. தூங்கினால் உங்கள் நேரம்தான் வீண். லடாக்கில் 2010-ல் தொடங்கிய 'லா அல்ட்ரா' அப்படிப்பட்டது. முதல் ஆண்டு 222 கி.மீ. தூரம். கிளம்பியது மூன்றே பேர். முடித்தது ஒருவர், பிரிட்டனைச் சேர்ந்த மார்க் காக்பெய்ன்.

இன்னொன்று ஸ்டேஜ் ரேஸ். ஒவ்வொரு நாளும் ஒரு தனி ஓட்டம். அன்றைய கோட்டைத் தொட்டதும் உங்கள் கடிகாரம் நின்றுவிடும். சாப்பிடலாம், தூங்கலாம், கொப்புளத்துக்கு மருந்து போடலாம். மறுநாள் காலை எல்லோரும் மறுபடி ஒன்றாகக் கிளம்புவார்கள். எல்லா நாட்களின் நேரத்தையும் கூட்டினால் யாருக்குக் குறைவோ அவரே வெற்றியாளர்.

இந்தக் கூட்டல் கணக்கில்தான் சூட்சுமம். முதல் நாள் பாய்ந்து ஓடி 20 நிமிடம் முன்னிலை வாங்கிய ஒருவர், மூன்றாம் நாள் தொடை இறுகி 40 நிமிடம் இழந்தால் கதை முடிந்தது. அதனால் தினமும் கொஞ்சம் மிச்சம் வைத்து ஓடத் தெரிந்தவர்களே பெரும்பாலும் ஜெயிக்கிறார்கள்.

திருமலைக்கு நடந்து ஏறியவர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதாகவே இருக்காது. அலிபிரியில் பையை ஒப்படைத்தால் தேவஸ்தானமே அதை மேலே கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். நீங்கள் வெறுங்கையோடு ஏறலாம். ஸ்டேஜ் ரேஸிலும் இதேதான். பெரிய பை வண்டியில் அடுத்த முகாமுக்குப் போகும், தண்ணீரும் மழைச்சட்டையும் மட்டும் உங்கள் முதுகில். நடந்து வருபவர்களுக்கு திவ்ய தரிசன டோக்கன் கொடுத்து வழியில் சரிபார்த்த முறையும் நினைவிருக்கலாம். பந்தயத்தில் அதற்குப் பெயர் 'செக்பாயின்ட்'.

யார் ஆரம்பித்தது?

மலையில் ஓட்டப் போட்டி வைப்பது ரொம்பப் பழைய வழக்கம். ஆனால் அது ஒரு மலையில் ஏறி இறங்குவதோடு முடிந்துவிடும். ராத்திரி மலையிலேயே தங்கி மறுநாளும் ஓடும் வடிவத்துக்கு அடித்தளம் போட்டது பிரிட்டன். 1968-ல் ஜெர்ரி சார்ன்லி என்பவர் அங்கே இரண்டு நாள் 'மவுன்டன் மாரத்தான்' ஒன்றைத் தொடங்கினார். இரண்டிரண்டு பேராக ஓட வேண்டும். கூடாரம், போர்வை, அடுப்பு, சாப்பாடு எல்லாவற்றையும் முதுகில் சுமந்துகொண்டே ஓட வேண்டும். பாதையைக் குறித்துக் கொடுக்க மாட்டார்கள். வரைபடமும் திசைகாட்டியும்தான் துணை.

பாலைவனத்தில் இந்த வடிவத்தைப் பிரபலமாக்கியவர் பிரான்ஸின் பாட்ரிக் பாயர். 1984-ல் தனியாக சஹாராவில் சுமார் 350 கி.மீ. நடந்தவர், 1986-ல் மொராக்கோவில் 'மாரத்தான் தே சாப்ல்' பந்தயத்தை ஆரம்பித்தார். முதல் ஆண்டு ஓடியவர்கள் 23 பேர்தான். பின்னாளில் ஆயிரம் பேருக்கு மேல் ஓடும் பந்தயமாக அது வளர்ந்தது.

1992-ல் வேல்ஸ் நாட்டின் வடக்கிலிருந்து தெற்குவரை, மலை முகடுகளின் மேலேயே ஐந்து நாள் ஓடும் 'டிராகன்ஸ் பேக்' பந்தயம் நடந்தது. ராணுவ வீரர்கள்கூடக் கலந்துகொண்ட அந்தப் பந்தயத்தை முதலில் முடித்த ஜோடி, ஹெலன் டயமான்டிடெஸ் என்ற பெண்ணும் மார்ட்டின் ஸ்டோன் என்பவரும். நாட்கள் கூடக் கூட வேகத்தைவிடத் தாக்குப்பிடிப்பதுதான் கணக்கு என்பதற்கு இன்றும் பலர் சொல்லும் உதாரணம் அது. வேடிக்கை என்னவென்றால், அதே பந்தயம் மறுபடி நடக்க 20 வருடம் ஆனது, 2012-ல்தான்! ஓடுவதைவிட நடத்துவது கஷ்டம் என்று இதிலிருந்தே புரிந்துகொள்ளலாம்.

ஆல்ப்ஸ் மலையைக் குறுக்கே கடக்கும் 'ட்ரான்ஸ்ஆல்பைன் ரன்' 2005-ல்தான் வந்தது. இந்தியாவின் பந்தயம் அதற்கு 14 வயது மூத்தது.

சந்தக்ஃபு: ஐந்து நாள் கணக்கு

ஹிமாலயன் 100 மைல் பந்தயத்தைத் தொடங்கியவர் சி.எஸ். பாண்டே. மேற்கு வங்கத்தில், நேபாள எல்லையை ஒட்டிப் போகும் சிங்கலீலா மலைமுகடுதான் களம். அக்டோபர் இறுதி, நவம்பர் தொடக்கம் என்பது இதன் பருவம். மழை ஓய்ந்து, வானம் துடைத்துவிட்டதுபோல இருக்கும் நேரம்.

முதல் நாள் மானேபஞ்சாங் என்ற சின்ன ஊரிலிருந்து சந்தக்ஃபு வரை 38 கி.மீ. ஊர் இருப்பது சுமார் 2,000 மீட்டர் உயரத்தில். சந்தக்ஃபு 3,636 மீட்டர். நடுவில் இறங்கி மறுபடி ஏறும் இடங்களும் உண்டு. கால் வைக்கும் இடமெல்லாம் கல் பாவிய கரடுமுரடான ஜீப் பாதை. இரண்டாம் நாள் முகட்டின் மேலேயே ஃபாலுட் திசையில் போய்த் திரும்புவது, 32 கி.மீ. மூன்றாம் நாள் ஒரு முழு மாரத்தான், 42 கி.மீ. முகட்டை விட்டு ரிம்பிக் கிராமத்துக்கு, ஆயிரம் மீட்டருக்கும் மேலான இறக்கத்தோடு. நான்காம் நாள் பால்மாஜுவாவுக்கு 21 கி.மீ. ஐந்தாம் நாள் கிளம்பிய ஊருக்கே 27 கி.மீ. கூட்டிப் பாருங்கள், 160 வரும். மைலில் ஏறக்குறைய நூறு.

சந்தக்ஃபுவில் விடியும்போது எவரெஸ்ட், கஞ்சன்ஜங்கா, லோட்சே, மகாலு ஆகிய நான்கும் தெரியும். உலகின் மிக உயரமான ஐந்து சிகரங்களில் நான்கு ஒரே இடத்திலிருந்து! அதற்காகவே ஓட வருபவர்கள் உண்டு. ஆனால் அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். சமவெளியில் சாவகாசமாக ஓடும் வேகம்கூட அங்கே மூச்சிரைக்க வைக்கும்.

இந்தப் பந்தயத்தின் நாள்வரிசையில் ஒரு யோசனை இருக்கிறது. மிக நீண்ட ஓட்டத்தை மூன்றாம் நாள் வைத்திருக்கிறார்கள். பழக்கமில்லாத கடும் உழைப்புக்குப் பிறகு தசைவலி உடனே உச்சம் தொடாது, ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள்தான் தொடும். அதாவது முதல் நாள் செய்த தப்புக்கு மூன்றாம் நாள் பில் வரும்!

உங்கள் ஊர் மலையில் இது எவ்வளவு?

அளவு புரிய ஒரு பழைய கணக்கு உதவும். 1892-ல் வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி சொன்னது: கிடைமட்டமாக 5 கி.மீ.க்கு ஒரு மணி நேரம். அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம்.

அலிபிரி பாதையில் போட்டுப் பார்ப்போம். 3,550 படிகள், சுமார் 9 கி.மீ. தூரம், ஏறக்குறைய 700 மீட்டர் ஏற்றம். தூரத்துக்கு 1 மணி 48 நிமிடம், ஏற்றத்துக்கு 1 மணி 10 நிமிடம், ஆக மூன்று மணி நேரம். காளி கோபுரத்தில் கொஞ்சம் உட்கார்ந்து, முழங்கால் முறிச்சானில் கொஞ்சம் முனகி ஏறுபவர்களுக்கு மூன்று, நான்கு மணி நேரம் ஆகிறது. 130 வருடத்துக்கு முந்தைய ஸ்காட்லாந்து கணக்கு திருமலையில் பொருந்துவது கொஞ்சம் ஆச்சரியம்தான். சந்திரகிரி பக்கம் உள்ள ஸ்ரீவாரி மெட்டு வழி 2,388 படிகள், தூரம் 2 கி.மீ.க்குச் சற்றுமேல். குறுகியது, ஆனால் செங்குத்து.

இதே கணக்கில் சந்தக்ஃபுவின் முதல் நாளை நடந்தே போனால் 10 மணி நேரத்துக்கு மேல் ஆகும். பிறகு இன்னும் நான்கு நாட்கள்.

ஒரு பெரிய வித்தியாசத்தைச் சொல்லியாக வேண்டும். திருமலைக்கு நடந்து ஏறும் நாம் பெரும்பாலும் பஸ்ஸில் இறங்கிவிடுகிறோம். மலை ஓட்டத்தில் காலை உடைப்பது இறக்கம்தான். இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே உடல் எடையைத் தாங்குகிறது. தசை இழைகளில் நுண்ணிய சேதம் அதிகம் ஏற்படுவது அப்போதுதான். மறுநாள் வீட்டு மாடிப்படி இறங்கும்போது தொடை கத்துவது அதனால்தான். 'நான் அலிபிரியை இரண்டு மணி நேரத்தில் ஏறினவன்' என்ற தெம்போடு ஸ்டேஜ் ரேஸுக்குப் போகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

யார் எண்ணுகிறார்கள்?

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். மலைப் பந்தயத்தின் வரலாற்றைச் சாதனைகளை வைத்துச் சொல்வதே வழக்கம். இரண்டு விபத்து நாட்களை வைத்துச் சொன்னால் இன்னும் தெளிவாகப் புரியும் என்று தோன்றுகிறது.

2008 அக்டோபர் 25. சார்ன்லி தொடங்கிய அதே பிரிட்டிஷ் பந்தயம், இங்கிலாந்தின் லேக் டிஸ்ட்ரிக்ட் மலைகளில். சுமார் 2,500 பேர் ஓடுகிறார்கள். பேய் மழை, புயல், வெள்ளம். பந்தயம் பாதியில் ரத்து. நூற்றுக்கணக்கானோரைக் காணவில்லை என்று தொலைக்காட்சிகள் அலறின. மறுநாள் பார்த்தால் எல்லோரும் உயிரோடு! ஏன்? ஒவ்வொருவர் முதுகிலும் கூடாரம், உலர்ந்த உடை, சாப்பாடு இருந்தது. விதி அது. மாட்டிக்கொண்ட இடத்திலேயே கூடாரம் போட்டு ராத்திரியைக் கழித்துவிட்டு, விடிந்ததும் இறங்கி வந்தார்கள்.

2021 மே 22. சீனாவின் கான்சு மாகாணத்தில் 100 கி.மீ. மலை ஓட்டம். 172 பேர். வெயில் ஏறும் என்று நினைத்து மெல்லிய சட்டை, அரைக்கால் உடையில் கிளம்பினார்கள். குளிர்காப்புச் சட்டை கட்டாயம் என்ற விதி இல்லை. மதியம் ஆலங்கட்டி, உறைய வைக்கும் மழை, சூறைக்காற்று. அவர்கள் மாட்டிக்கொண்டது இரண்டாம், மூன்றாம் செக்பாயின்ட்டுகளுக்கு இடையிலான செங்குத்து ஏற்றத்தில். அங்கே வண்டி போக வழியில்லை. 21 பேர் இறந்தார்கள். சீனாவின் முன்னணி ஓட்ட வீரர் லியாங் ஜிங் அவர்களில் ஒருவர். ஆறு பேரைக் குகைக்குள் இழுத்து நெருப்பு மூட்டிக் காப்பாற்றியது பந்தயக் குழு அல்ல, அந்தப் பக்கம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஓர் இடையர்.

வானிலை இரண்டு இடத்திலும் மோசம்தான். ஓடியவர்கள் இரண்டு இடத்திலும் தேர்ந்தவர்கள்தான். முதுகில் என்ன இருந்தது என்பதுதான் வேறு.

நமக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. 2018 மார்ச் 11-ல் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத் தீயில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அது பந்தயம் இல்லை, மலையேற்றம். ஆனால் மலைக்குள் யார் போனார்கள், எந்த வழியில், எத்தனை பேர், எந்தப் பருவத்தில் என்ற கேள்விகள் அதன் பிறகுதான் தமிழ்நாட்டில் சூடு பிடித்தன. மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறையே 40 பாதைகளைத் தேர்ந்தெடுத்து, ஆன்லைனில் பதிவு செய்து, வழிகாட்டியோடு போகும் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தைத் தொடங்கியது.

சரி, சேஷாசலத்தில் நடத்த முடியுமா?

மலை இருக்கிறது. திருமலையின் ஏழு மலைகளைத் தாண்டி, தலக்கோனா அருவிக்காடு இருக்கிறது. 270 அடி உயரத்திலிருந்து விழும் அந்த அருவி ஆந்திராவிலேயே உயரமானது. கடப்பா பக்கமிருந்து காட்டு வழியாகத் திருமலைக்கு வரும் அன்னமய்யா பாதை பக்தர்களின் பழைய நடைவழி. கிழக்கே, சென்னை மலையேற்றக்காரர்களுக்கு நன்கு பழக்கமான நாகலாபுரம் மலைகள். நான்கைந்து நாள் ஓடுவதற்கு நிலப்பரப்பில் குறையே இல்லை.

சிக்கல் அனுமதியில். இந்தக் காட்டின் ஒரு பகுதி 1989-ல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீ வெங்கடேஸ்வரா தேசியப் பூங்கா, சுமார் 353 சதுர கி.மீ. 2010-ல் சேஷாசலம் உயிர்க்கோளக் காப்பகமாகவும் ஆனது. 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, இத்தகைய இடத்தில் வெளியார் நுழைய தலைமை வனவிலங்குக் காப்பாளரின் அனுமதி வேண்டும். எந்தெந்தக் காரணத்துக்கு அனுமதி தரலாம் என்றும் அந்தச் சட்டத்தின் 28-வது பிரிவு பட்டியல் போடுகிறது. ஆராய்ச்சி, புகைப்படம், சுற்றுலா எல்லாம் இருக்கின்றன. 'பந்தயம்' என்ற சொல் இல்லை. சுற்றுலா என்ற தலைப்புக்குள் அதை அடக்கலாமா என்பது அதிகாரி எடுக்கும் முடிவு. போதாக்குறைக்கு, 2022 ஏப்ரலில் பழைய சித்தூர் மாவட்டம் பிரிக்கப்பட்ட பிறகு, நீண்ட பாதை என்றால் ஒன்றுக்கு மேற்பட்ட மாவட்ட நிர்வாகங்களிடம் போய் நிற்க வேண்டும்.

விலங்கு இன்னொரு விஷயம். 2023 ஆகஸ்டில் அலிபிரி நடைபாதையில் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தியைச் சிறுத்தை கொன்றது. அத்தனை விளக்கும் கூட்டமும் கோவிந்தா கோஷமும் இருக்கும் பாதையிலேயே! அதையடுத்து 15 வயதுக்குட்பட்டவர்களுக்கு மதியம் 2 மணிக்குமேல் நடைபாதையில் தடை போட்டார்கள், நடப்பவர்களுக்குக் கைத்தடி கொடுத்தார்கள், கூண்டு வைத்துச் சிறுத்தைகளைப் பிடித்தார்கள். இரவு முழுக்க ஓடும் பந்தயம் இந்தக் காட்டுக்கு ஒத்தே வராது. ஸ்டேஜ் ரேஸ் வடிவம் ஓரளவுக்கு ஒத்துவரும்: காலையில் கிளம்பி, வெளிச்சம் இருக்கும்போதே முகாமுக்கு வந்துவிடலாம், சாயங்காலம் தலையை எண்ணிவிடலாம்.

மூன்றாவது விஷயத்தைத் தமிழ் வாசகர்களிடம் மழுப்பிச் சொல்ல முடியாது. இது செம்மரக் காடு. உலகில் இந்த மரம் இயற்கையாக வளரும் இடங்கள் மிகக் குறைவு. அதில் முக்கியமானது இந்த மலைத்தொடர். கடத்தலைத் தடுக்க ஆயுதம் ஏந்திய சிறப்புப் படை ரோந்து சுற்றுகிறது. 2015 ஏப்ரல் 7-ல் சேஷாசலக் காட்டில் போலீஸ் சுட்டதில் தமிழ்நாட்டைச் சேர்ந்த 20 பேர் இறந்தார்கள். மரம் வெட்டப் போன கூலிகள் என்றும், மோதல் நடக்கவே இல்லை என்றும், நடந்தது என்றும் எழுந்த வாதங்கள் இன்னும் ஓயவில்லை. விளையாட்டு ஆர்வத்தில் 'ஜிபிஎஸ் இருக்கே, சும்மா ஒரு ரவுண்டு ஓடிட்டு வரலாம்' என்று அனுமதியில்லாமல் இந்தக் காட்டுக்குள் இறங்குபவர்கள் இதை நினைவில் வைத்திருப்பது நல்லது. நாகலாபுரம் மலைக்கும் காப்புக்காட்டு விதிகள் உண்டு. ஆந்திர வனச் சட்டம் 1967-லேயே வந்துவிட்டது.

பருவமும் குறுகியது. கோடையில் இங்கே 40 டிகிரி சாதாரணம். காட்டுத் தீயின் காலமும் அதுதான். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. 2021 நவம்பர் வெள்ளத்தில் ஸ்ரீவாரி மெட்டு படிகள் அடித்துச் செல்லப்பட்டு, 2022 மே மாதம்தான் பாதை மறுபடி திறந்தது. ஆக மிஞ்சுவது ஜனவரியும் பிப்ரவரியும்.

நடைபாதைகளையே பந்தயத்துக்கு எடுத்துக்கொள்ளலாமே என்று கேட்கலாம். ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் குங்குமம் இட்டுக்கொண்டு ஏறும் பெண்களும், முழங்காலால் ஏறும் முதியவர்களும் இருக்கும் வழியில் நெஞ்சில் நம்பர் ஒட்டிக்கொண்டு பாய்வது சரியாக வராது. தேசியப் பூங்காவுக்கு வெளியே, மலையடிவாரக் கிராமங்களை இணைக்கும் வண்டிப்பாதைகளில், வனத்துறையே பாதையைக் குறித்துக் கொடுத்து, உள்ளூர்க்காரர்களை வழிகாட்டிகளாக வைத்து இரண்டு நாள் ஓட்டமாக ஆரம்பிப்பதே நடைமுறைக்கு ஒத்துவரும் என்பது என் கணிப்பு. கான்சுவில் ஆறு உயிரைக் காப்பாற்றியவரும் அந்த மலையைத் தெரிந்த உள்ளூர்க்காரர்தானே.

நீங்கள் தயாராக வேண்டுமென்றால்?

சந்தக்ஃபுவோ வேறு எதுவோ, மனதில் ஒரு ஸ்டேஜ் ரேஸ் இருந்தால் பதிவு செய்யும் முன் நடத்துபவர்களிடம் சிலவற்றைக் கேளுங்கள். கட்டாயப் பொருட்கள் என்னென்ன, கிளம்பும் இடத்தில் பையைத் திறந்து சோதிப்பார்களா? இரண்டு செக்பாயின்ட்டுகளுக்கு நடுவில் அதிகபட்ச தூரம் எவ்வளவு, அங்கே வண்டி வருமா? கடைசி ஆளின் பின்னால் யாராவது வருவார்களா? வானிலை கெட்டால் நிறுத்தும் அதிகாரம் யாரிடம்? வனத்துறை அனுமதிக் கடிதத்தைக் காட்ட முடியுமா? பதில் சொல்லத் தயங்கினால் பணம் கட்ட வேண்டாம்.

பயிற்சிக்கு அலிபிரி போதும். கூட்டம் குறைந்த வாரநாளில், விடிந்தபின் ஏறுங்கள். ஓட வேண்டாம், வேகமாக நடந்தாலே போதும். மேலே போய் பஸ் பிடிக்காமல் அதே படிகளில் இறங்குங்கள். மறுநாள் காலை எழுந்து, தொடை என்ன சொல்கிறது என்று பார்த்துவிட்டு, மறுபடி ஒரு தடவை ஏறி இறங்குங்கள். மூன்றாம் நாளும் இதைச் செய்ய முடிந்தால் விண்ணப்பப் படிவத்தைத் தேடலாம்.